உமக்கு நான் போட்டுத் தந்த இணைகர வீடு

இன்றைக்குப் பேத்தியின் பிறந்தநாள். மகள் குசினியில் பால்ரொபி கிண்டித் தட்டில் ஊற்றி, ஆறும் முன்னம் கத்தியால் கோடு போட்டாள். முதலில் நீளப்பாட்டுக்கு நேராக வெட்டினாள். குறுக்கே வெட்டும்போது கத்தியைச் சரித்துப் பிடித்தாள். எல்லாத் துண்டும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது.

“ஏன் பிள்ளை சரிச்சு வெட்டுறாய்?”

“அப்பிடி வெட்டினாத்தான் அப்பா வடிவு. கடையிலயும் அப்பிடித்தான்.”

நான் ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் சமம். மற்ற இரண்டும் சமம். மூலைகள்தான் சரியில்லை. எனக்குத் தனியச் சிரிப்பு வந்தது. மகளுக்கு உடனே விளங்கிவிட்டது. “மாமாவின்ர வீடோ?” என்று உம்முடைய வீட்டைத்தான் கேட்டாள். ஓம் என்றேன். அந்தத் துண்டைத் தின்ன மனம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். தின்றேன். மெல்லத்தான் தின்றேன்.

நீர் போய் எட்டு மாதம். உமக்கு நான் ஒரு நாளும் கடிதம் எழுதியதில்லை. இரண்டு வேலி தள்ளி இருக்கிற மனிசனுக்கு எவன் கடிதம் எழுதுவான்? வேலிக்கு மேலால் கூப்பிட்டால் நீர் வருவீர். இப்போது கூப்பிட வழியில்லை, அதனால் எழுதுகிறேன். வாழ்நாள் முழுக்க உம்மை ‘நீர்’ என்றுதான் கதைத்தேன். செத்த பிறகு திடீரென்று ‘நீங்கள்’ போட்டால் நீரே சிரிப்பீர். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சனம் லொறிகளில் வந்து மாங்குளத்தில் இறங்கி, காடு வெட்டத் தொடங்கிய காலம். எங்கள் குளத்தின் கீழேயும் பத்துப் பன்னிரண்டு குடும்பம் வந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் காணி எடுத்துக் குடியேறி அப்போது இருபது வருசம்கூட ஆகவில்லை. ஆனால் எங்கள் கதையைக் கேட்டால் அந்தக் குளத்தைத் தோண்டியதே எங்கள் பாட்டன்மார் என்று நினைப்பீர். வந்தவர்களைத் ‘தோட்டத்தார்’ என்றோம். முகத்துக்கு நேரே அப்படி, முதுகுக்குப் பின்னால் இன்னும் மோசமாக. நானும் சொன்னவன்தான். இதை மறைத்துவிட்டு மிச்சத்தை எழுதினால் அந்தக் கணக்குப் பிழையாகிவிடும்.

நீரும் உம்முடைய மனிசியும் மூன்று பிள்ளைகளும் ஒரு பாலை மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தீர்கள். ஐப்பசி பிறந்துவிட்டது. வடகிழக்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தக் காட்டுக்குள் மாரி மழை இறங்கினால் தறப்பாள் எந்த மூலைக்கு? நீர் தடி வெட்டி, கூரைக்குத் தென்னோலைக் கிடுகு சேர்த்து, மண் குழைக்கக் குழியும் வெட்டி வைத்திருந்தீர். வீட்டுக்கு அளவு போட ஒரு ஆள் வேண்டும், கயிற்றின் மற்றப் பக்கம் பிடிக்க. அதற்கு ஒருவரும் வரவில்லை. நான் அந்த வழியால் சைக்கிளில் போனேன்.

பெரிய மனசு என்று நினைக்காதேயும். வீட்டில் மனிசியோடு கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டவன், திரும்பிப் போக ஒரு சாட்டுத் தேவைப்பட்டது. அது உமக்கும் பிறகு தெரியும்.

“ஐயா, கொஞ்சம் கயிறு பிடிக்கிறீங்களா?” என்று கேட்டீர்.

“கயிறு பிடிக்கிறதோ? விடும், நான் அளந்தே தாறன். நான் எட்டாம் வகுப்புப் படிச்சனான்.”

எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்ததைச் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு எதற்கு மறுமொழி?

பதினெட்டு அடிக்கு ஒரு கயிறு, பன்னிரண்டு அடிக்கு ஒரு கயிறு வெட்டினேன். முன்பக்கம் ஒழுங்கைப் பாதையைப் பார்த்து நீளக் கயிற்றைப் போட்டு இரண்டு முளை அடித்தேன். பக்கச் சுவருக்குக் காணி வேலியோடு ஒட்டிக் குட்டைக் கயிற்றைப் போட்டேன். மற்றப் பக்கமும் அப்படியே. பின்பக்கம் நீளக் கயிறு சரியாகப் பொருந்தியது. ஒரு அங்குலம்கூடப் பிசகவில்லை. நாலு முளையையும் சுற்றி நடந்தேன். முன்னும் பின்னும் பதினெட்டு, இடமும் வலமும் பன்னிரண்டு. “பாத்தீரோ? நாலு பக்கமும் கணக்கா நிக்குது” என்றேன். நீர் வடக்குப் பக்க மூலையில் குந்தி, முளையைப் பார்த்து, தெற்குப் பக்க மூலையைப் பார்த்து, எழும்பி மண்ணைத் தட்டினீர்.

“ரொம்ப சந்தோசமுங்க ஐயா” என்றீர்.

அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வீட்டுக்குப் போய் மனிசியிடம், ஒரு குடும்பத்துக்கு வீடு போட்டுக் கொடுத்துவிட்டு வாறன் என்றேன். கொழுவலும் முடிந்தது. மழைக்கு நாலு நாள் முன்னம் உம்முடைய கூரைக்குக் கிடுகு ஏறியது. உம்முடைய பிள்ளைகள் அந்த மாரியில் நனையவில்லை. இதை மட்டும் நான் என் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்.

அந்த வீட்டுக்கு நான் எத்தனை தரம் வந்திருப்பேன்? உம்முடைய மனிசியின் சாயத் தேத்தண்ணிக்காகவே வருவேன். தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தேயிலையை எவ்வளவு நேரம் ஊறவிடவேண்டும் என்று தெரியும், எங்கள் பகுதியில் அது வெறும் சுடுதண்ணி. வரும்போதெல்லாம் பாயை எடுத்து விரிப்பீர். பாயின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டினால் மற்றப் பக்கம் அரை அடி இடைவெளி விட்டுக்கொண்டு நிற்கும்.

“பாய் இழைச்சவை கோணலா இழைச்சிருக்கினம்” என்பேன் நான்.

“ஆமாங்க. பாய்தான் கொஞ்சம் வளைஞ்சிருச்சு” என்பீர் நீர்.

நெல்லுப் பெட்டியை மூலையில் வைத்தபோதும் அப்படித்தான். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு இடம். அதற்குள் உம்முடைய கோழி புகுந்து முட்டை இட்டது. பெட்டி செய்த தச்சனை நான் அரை மணித்தியாலம் ஏசினேன். நீர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர். தென்மேற்கு மூலையில் கிடுகு எட்டாமல் மழைக்கு ஒழுகியதற்குக் காற்றைக் குற்றம் சொன்னேன். பாய், பெட்டி, காற்று எல்லாம் கோணல், நான் மட்டும் நேர். ஆறு வருசம் இப்படி ஓடியது.

பிறகு மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தாள். நான் இரண்டு தரம் படித்த அதே எட்டாம் வகுப்பு. ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து தென்னோலை ஈர்க்கு முறித்து நூலால் முடிந்துகொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை, கூடு கட்டுறியோ?”

“இல்லையப்பா. பல்கோணி. ரீச்சர் செய்துகொண்டு வரச் சொன்னவா. நேர்க்கோடுகளால மூடின உரு எல்லாம் பல்கோணி. மூண்டு பக்கம் எண்டால் முக்கோணி, நாலு எண்டால் நாற்பக்கல், ஐஞ்சு எண்டால் ஐங்கோணி.”

“தெரியும், தெரியும்” என்றேன். தெரியாதது ஒன்றுக்கு எப்போதும் நான் இரண்டு தரம் தெரியும் என்பேன்.

மூன்று ஈர்க்கில் கட்டியதை என் கையில் தந்து, “நெரிச்சுப் பாருங்கோ” என்றாள். நெரித்தேன். அசையவில்லை. பிறகு நாலு ஈர்க்கில் கட்டியதைத் தந்தாள். நீளம் இரண்டு, குட்டை இரண்டு, பார்க்க வடிவான செவ்வகம். “இதை நெரியுங்கோ.” விரல் வைத்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்து படுத்தது.

“பாத்தீங்களோ? பக்கங்களின்ர நீளம் ஒண்டும் மாறேல்லை. எதிர்ப்பக்கங்கள் இப்பவும் சமம், இப்பவும் சமாந்தரம். ஆனால் இப்ப இது செவ்வகம் இல்லை. இணைகரம்.”

“நாலு பக்கமும் கணக்கா இருந்தால் செவ்வகம்தானே?”

“ஆர் சொன்னது? பக்கத்தை மட்டும் அளந்தால் காணாது. மூலையும் செங்கோணமா நிக்கோணும். இல்லாட்டி மூலைவிட்டம் ரெண்டையும் அளந்து பாக்கோணும். இணைகரத்தில மூலைவிட்டம் ரெண்டும் சமமா வந்தால்தான் அது செவ்வகம்.”

எனக்கு உம்முடைய பாயும் பெட்டியும் நினைவுக்கு வந்தன. அவள் விடவில்லை. நாலு பக்கமும் சமமான ஈர்க்கில் ஒன்று கட்டிக் காட்டினாள். அதை நிமிர்த்தினால் சதுரம், சரித்தால் சாய்சதுரம். எப்படிச் சரித்தாலும் அதன் மூலைவிட்டம் இரண்டும் ஒன்றையொன்று செங்கோணத்தில்தான் வெட்டும் என்றாள். ஒரு சோடிப் பக்கம் மட்டும் சமாந்தரமாக இருந்தால் சரிவகம் என்றாள். பக்கத்துப் பக்கத்துப் பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமமானால் பட்டம், நாங்கள் தைப்பொங்கலுக்கு ஏற்றுகிற அதே பட்டம் என்றாள். கடதாசியில் ஒரு நாற்பக்கலை வெட்டி, நாலு மூலையையும் கிழித்து ஒரு புள்ளியில் சேர்த்து வைத்தாள். ஒரு முழுச் சுற்று வந்தது. எவ்வளவு கோணலான நாற்பக்கல் என்றாலும் முந்நூற்றி அறுபது பாகை வரும் என்றாள். அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

சண்டை வந்தது சதுரத்தில்தான். “சதுரமும் ஒரு செவ்வகம்தான் அப்பா” என்றாள்.

“அதெப்பிடி? சதுரம் வேற, செவ்வகம் வேற.”

“செவ்வகத்தின்ர எல்லாக் குணமும் சதுரத்திட்ட இருக்குது. அதுக்கு மேல ஒரு குணமும் இருக்குது. அதுக்காக அதை வெளியில விடேலுமே? செவ்வகமும் ஒரு இணைகரம்தான்.”

“அப்ப எல்லாம் ஒண்டோ?”

“ஒண்டு இல்லை. ஆனால் வீடு ஒண்டு.”

அவள் என்ன நினைத்துச் சொன்னாளோ தெரியாது. வீடு என்ற சொல் எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஆட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வெளிக்கிட்டேன். “அப்பா, ஆடு!” என்று மகள் கத்தினாள். ஆடு எங்கேயோ போகட்டும்.

நீர் வயலில் நின்றீர். உம்முடைய மனிசி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நான் விறுவிறென்று உள்ளே போய், நெல்லுப் பெட்டியை இழுத்து விலக்கி, வடகிழக்கு மூலையில் கயிற்றின் நுனியைக் கல்லால் அமத்திவிட்டு, தென்மேற்கு மூலைக்குத் தவண்டுகொண்டு போனேன். கோழி கத்திக்கொண்டு பறந்தது.

“என்னங்க ஐயா, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்று வாசலில் நின்று கேட்டா.

“ஓம். மானத்தை” என்றேன்.

கயிற்றில் முடிச்சுப் போட்டேன். மற்ற மூலைக்கு மாற்றிப் பிடித்தேன். சுவர் வந்த பிறகும் முடிச்சு வரைக்கும் ஒரு முழக் கயிறு மிஞ்சி நின்றது. ஒரு மூலைவிட்டத்துக்கும் மற்றதுக்கும் ஒரு முழம் வித்தியாசம். ஒழுங்கையும் வேலியும் அந்த இடத்தில் ஒன்றுக்கொன்று சரிந்தே ஓடுகின்றன. நான் அந்தச் சரிவை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து நட்டிருக்கிறேன். பாய் நேர். பெட்டி நேர். தச்சன் பாவம்.

நீர் மண்வெட்டியோடு வந்து வாசலில் நின்றீர். நான் நிலத்தில், கையில் கயிறு.

“இது இணைகரம்” என்றேன்.

“அப்படின்னா?”

“கோணல் எண்டு அர்த்தம். உமக்குத் தெரியுமோ?”

நீர் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினீர். “மொளை அடிச்ச அன்னைக்கே தெரியுங்க. தோட்டத்துல ஆசாரிக்குக் கையாளா மூணு வருசம் இருந்தேன். அவரு குறுக்குக் கயிறு பாக்காம ஒரு லயத்து வீட்டுக்கும் மண்ணு வெட்ட விடமாட்டாரு.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

உம்முடைய மனிசி உம்மைப் பார்த்தா, வேண்டாம் என்ற மாதிரி. நீர் சொன்னீர்:

“தொரைகிட்ட சொன்னா என்ன நடக்கும்னு எங்களுக்குத் தெரியுங்க. கங்காணிகிட்ட சொன்னாலும் தெரியும். ஒங்ககிட்ட சொன்னா என்ன நடக்கும்னு தெரியலை. புள்ளைங்க மரத்தடியில கெடந்துச்சு. மழை வந்துக்கிட்டிருந்துச்சு. கோவிச்சிக்கிட்டு நீங்களும் போயிட்டா கயிறு புடிக்க ஒருத்தரும் இல்லைங்க.”

நான் மரியாதைக்குத்தான் நீர் பேசாமல் இருந்ததாக நினைத்துக்கொண்டு கேட்டேன். அது மரியாதை இல்லை, பயம். என்னைப் பார்த்து ஒரு மனிசன் பயந்திருக்கிறான்! என் மனிசிகூட என்னைப் பார்த்துப் பயந்ததில்லை, எங்கள் வீட்டு ஆடும் பயந்ததில்லை. பகிடியாக எழுதுகிறேன், ஆனால் அன்றைக்குப் பகிடியாக இருக்கவில்லை.

“பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே, இந்த ஆறு வருசத்துக்குள்ள.”

“அப்புறம் பழகிடுச்சுங்க. வீடும் பழகிடுச்சு, நீங்களும் பழகிட்டீங்க. கோழி முட்டை போடவும் ஒரு எடம் இருக்கு.”

உம்முடைய மனிசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நானும் சிரித்தேன். தேத்தண்ணியும் குடித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் உம்முடைய ஒரு சொல்தான் கூட வந்தது: ஒங்ககிட்ட சொன்னா என்ன நடக்கும்னு தெரியலை. இந்த மனிசன் என் பிழையை என் முகத்துக்கு நேரே சொல்கிற ஒரு நாள் வருமா என்று யோசித்தேன். வீட்டைப் பிரித்துக் கட்டித் தருகிறேன் என்று அடுத்த நாள் வந்து கேட்டபோதும் நீர், “எதுக்குங்க ஐயா, நல்லாத்தானே இருக்கு” என்றுதான் சொன்னீர். நல்லா இல்லை என்று உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருசம்தான் பள்ளிக்கூடக் கொட்டில் கதை எழும்பியது. எங்கள் சின்னப் பிள்ளைகள் குளத்து வானை, மிச்சத் தண்ணி வழிந்தோடுகிற இடத்தை, கடந்துதான் பள்ளிக்கூடம் போகவேண்டும். மாரியில் வான் பாய்ந்தால் போகேலாது. உம்முடைய நடு மகள் ஒருநாள் அந்தத் தண்ணியில் விழுந்து எழும்பி வந்தவள், பிறகு போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். ஒரு கொட்டிலைப் போட்டுக் கொடுத்தால் ஒரு வாத்தியாரை அனுப்புவோம் என்று கல்விக் கந்தோரில் சொன்னார்கள். எங்கள் ஊர்ச் சங்கம் கூடியது. தடி, கிடுகு, மண்வேலை எல்லாம் உம்முடைய ஆட்கள். அளவும் மேற்பார்வையும் எங்கள் ஆட்கள். அப்படித்தான் எங்கள் ஊரில் வேலை பிரிக்கிற வழக்கம். ஒருவரும் அதைத் தீர்மானமாக எழுதியதில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை.

“அளவு போடுறது இவர்தான். வீடு போட்டுப் பழகின ஆள்” என்று சங்கத் தலைவர் என்னைக் காட்டினார்.

குறித்த காலையில் எல்லோரும் கூடினார்கள். நாற்பது அடி நீளம், பதினாறு அடி அகலம். இந்தமுறை நான் மகளின் பாடத்தோடு வந்தவன். நாலு முளையும் அடித்தபின் பெரிய எடுப்போடு, “இனி மூலைவிட்டம் பாக்கவேணும்” என்றேன். தலைவர் புருவத்தை உயர்த்தினார். கயிற்றைக் குறுக்கே இழுத்து, முடிச்சுப் போட்டு, மற்றப் பக்கம் மாற்றிப் பிடித்தால் ஒரு சாண் வித்தியாசம்.

பிழை என்று கண்டுபிடித்துவிட்டேன். திருத்துகிறது எப்படி என்று மகளிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஒரு முளையைப் பிடுங்கி உள்ளுக்குத் தள்ளி அடித்தேன். மூலைவிட்டம் கிட்ட வந்தது, பக்கம் குறைந்துவிட்டது. பக்கத்தைச் சரிப்பண்ணினேன், மூலைவிட்டம் போய்விட்டது. அடுத்த முளையைப் பிடுங்கினேன். இப்போது நாலு பக்கமும் நாலு அளவு. வெயில் ஏறியது.

“என்ன ஐசே, பள்ளிக்கூடமோ, பட்டமோ?” என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு எழும்பியது.

“ஒரு சாண்தானே, விடும். பிள்ளையள் என்ன மூலையிலயோ படிக்கப்போகுதுகள்?” என்றார் தலைவர்.

நீர் மண் வெட்டுகிற ஆட்களோடு அலவாங்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர். நான் உம்மைப் பார்த்தேன். நீர் என்னைப் பார்க்காமல், ஒருவருக்கும் தெரியாமல், இடுப்புக்குக் கீழே இரண்டு கையையும் சேர்த்து ஒரு பக்கமாக மெல்லத் தள்ளிக் காட்டினீர். இரண்டையும் சேர்த்து. எனக்கு ஓரளவு விளங்கியது. அந்தச் சாடையைப் பிடித்துக்கொண்டு நானே செய்த மாதிரிச் செய்து முடித்திருக்கலாம். நீர் அதற்குத்தான் அப்படிக் காட்டினீர். இன்னொரு ஆறு வருசம் என் மானம் நேராக நின்றிருக்கும், நீரும் பேசாமல் இருந்திருப்பீர்.

நான் கயிற்றைக் கீழே போட்டேன்.

“எனக்குத் தெரியேல்லை. இவருக்குத் தெரியும். இஞ்ச வாரும்” என்றேன்.

தலைவர் என் பக்கத்தில் வந்து மெல்லமாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கக்கூடிய மாதிரி, “தோட்டத்தார் அளந்து தந்தோ எங்கட பள்ளிக்கூடம் கட்டுறது?” என்றார்.

“தலைவர், நான் அளந்து இவரின்ர வீட்டைக் கோணலாக்கினனான். ஆறு வருசமா ஒரு முழம் கோணல். வந்து பாருங்கோ, பாய் விரிக்கேலாது. அண்டைக்கே இவருக்குத் தெரியும். சொன்னால் நான் கோவிச்சுக்கொண்டு போயிடுவன் எண்டு பயத்தில சொல்லேல்லை. பள்ளிக்கூடத்தையும் நான் கோணலாக்கோணுமோ?”

ஒருவன் குபீரென்று சிரித்தான். பிறகு எல்லோரும். என்னைப் பார்த்துத்தான், உம்மைப் பார்த்து இல்லை. தலைவர் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். அது அவருடைய பாஷையில் சம்மதம்.

நீர் வரத் தயங்கினீர். அலவாங்கைக் கீழே வைக்காமலே வந்தீர். நான் குழப்பிய முளைகளையெல்லாம் பழைய இடத்தில் அடிக்கச் சொன்னீர். பின்பக்கத்து இரண்டு முளையிலும் ஒவ்வொரு ஆளை நிறுத்தி, குட்டைக் கயிறு இரண்டையும் இறுக்கிப் பிடிக்க வைத்தீர்.

“ரெண்டு மொளையும் கூடவே போகணுங்க. ஒண்ணு மட்டும் போனா கட்டு பிரிஞ்சுரும். கெழக்கால நாலு விரல். ம். இன்னும் ரெண்டு விரல்.”

குறுக்குக் கயிற்றைப் போட்டீர். முடிச்சு முளையில் வந்து குந்தியது. மாற்றிப் போட்டீர். அங்கேயும் அதே முளையின் அதே இடம். எழும்பி நின்று சுற்றிப் பார்த்தீர். முதல்முறையாக அந்தக் கூட்டத்தில் எல்லோரும் உம்முடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இப்ப வெட்டலாங்க” என்றீர். வெட்டினார்கள். தலைவரின் மகனும் மண்வெட்டி எடுத்தான்.

தை மாதம் வாத்தியார் வந்தார். உம்முடைய நடு மகள் முதல் நாளே போய் முன் வாங்கில் இருந்தாள். அந்தக் கொட்டிலும் உம்முடைய வீடும் இப்போது இல்லை. எல்லோரும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது இரண்டும் இருந்த இடத்தில் பற்றைக் காடுதான். ஆனால் இருந்த காலம் முழுக்க அந்தக் கொட்டில் செவ்வகமாகவே இருந்தது. வாத்தியார் நாற்பக்கல் படிப்பிக்கும்போது பிள்ளைகளைச் சுவருக்குச் சுவர் கயிறு பிடிக்க வைப்பாராம். பிறகு ஒழுங்கையால் கூட்டிக்கொண்டு போய் உம்முடைய வீட்டில் இணைகரம் காட்டுவாராம். உம்முடைய மனிசி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுவாவாம்.

நான் நன்றி சொல்ல வந்தது கொட்டிலுக்கு இல்லை. அன்று மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் குளக்கட்டால் நடந்து வந்தோம். நீர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தீர். ஊருக்கு முன்னால் உம்முடைய வீட்டுக் கதையை அவிழ்த்துவிட்டேனே, கோபமாக்கும் என்று நினைத்தேன்.

“அண்ணே” என்றீர். அதுவரைக்கும் ஐயா. “ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டீங்களே?”

“சொல்லும்.”

“ஒங்க வயல்ல மேல்பக்கம் தண்ணி நிக்குது, கீழ்ப்பக்கம் காயுது. வாய்க்கால்லேருந்து வாய்மடையைத் தப்பான எடத்துல வெட்டியிருக்கீங்க. நானும் ஆறு வருசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஆறு வருசம்! அதுவும் ஆறு வருசம். நான் புண்ணியவானாகச் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. கோபம் வந்தது. காது சூடாகியது. என் வயலைப் பற்றி, என் காணிக்குள் வந்து, இவர் ஆர் சொல்ல? ஒரு பத்து அடி பேசாமல் நடந்தேன். நீர் பின்னால் வந்தீர். உம்முடைய காலடிச் சத்தம் தயங்கித் தயங்கிக் கேட்டது. அந்தத் தயக்கம் எனக்குக் கேட்டது.

நான் நின்று திரும்பினேன்.

“எங்க வெட்டோணும்?” என்று கேட்டேன்.

நீர் சிரித்த சிரிப்பு! நேரே என்னுடைய வயலுக்குத்தான் போனோம். சோறு ஆறிக் கிடந்ததற்கு மனிசியிடம் இரண்டு பேரும் ஏச்சு வாங்கினோம்.

அதற்குப் பிறகு நீர் எனக்குச் சொல்லாமல் விட்ட பிழை ஒன்றும் இல்லை. மருமகனுக்கு நான் எழுதிய கடிதம் கடுமை என்றீர், கிழித்தேன். வயல் வேலி உம்முடைய பக்கம் ஒரு அடி வந்துவிட்டது என்றீர், பிடுங்கினேன். மனிசிக்குச் சுகமில்லாதபோது, நாளைக்குப் பார்ப்போம் என்று நான் இழுத்தேன். “இப்பவே கூட்டிட்டுப் போங்கண்ணே, நீங்க செய்யிறது சரியில்லை” என்று என் சைக்கிளை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினீர். அவ இன்றைக்கும் குசினியில் இருந்து கத்துகிறா என்றால் அது உம்மால்தான். இவ்வளவுக்கும் உமக்கு நான் செய்தது ஒரு கோணல் வீடு.

இப்போதும் யாராவது என் பிழையைச் சொன்னால் எனக்கு முதலில் காது சூடாகிறது. மகள் சொன்னாலும் அப்படித்தான், மருமகன் சொன்னால் இன்னும் கூட. பேசாமல் கொஞ்சத் தூரம் நடக்கிறேன். பிறகு நின்று, திரும்பி, எங்க வெட்டோணும் என்று கேட்கிறேன். அன்றைக்குப் பத்து அடி நடந்தேன். இந்த வயதில் அதை நாலு அடிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நீர் இன்னும் கொஞ்சக் காலம் பின்னால் நடந்து வந்திருந்தால் அதையும் குறைத்திருப்பேன்.